சிறுவாட்டுப் பணம் யார் பேரில்? ஜப்பானில் பார்த்ததும் பழகியதும்



கூட்டமைப்பின் பொதுக்குழுவுக்கு வந்திருந்தபோது உறுப்பினர்கள் பலர் எங்களைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஜப்பானைப் பற்றிக் கேட்டார்கள். "அங்க பொம்பளைங்க எப்படி? குழு கிழு எல்லாம் உண்டா? வீட்டுல காசு யாரு கையில இருக்கும்?" என்று ஒரே கேள்வி மயம். கூட்டம் முடியுற நேரம், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பாதியிலேயே எழுந்துவிட்டோம். விட்டதை இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் குடும்பத்தோடு டோக்கியோவில் 2010 முதல் 2018 வரை எட்டு வருஷம் இருந்தோம். கிழக்கு டோக்கியோவில் எதோகாவா என்று ஒரு பகுதி. அதில் நிஷிகசாய் என்ற இடத்தில் நம் நாட்டுக் குடும்பங்கள் நிறைய உண்டு, துவரம்பருப்பு விற்கிற கடை வரை இருக்கிறது. புல்லட் ரயில், உயரமான கட்டடம் எல்லாம் நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். அதை விட்டுவிட்டு, நம்ம மாதிரி வீட்டுப் பெண்கள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறோம்.

திரும்பி வந்த குப்பைப் பை

அந்த ஊரில் நாங்கள் கற்ற முதல் பாடம் குப்பையில்தான். குடிபோன முதல் வாரம், நம்ம ஊர்ப் பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, குப்பை வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டோம். வண்டி வந்தது, எல்லாப் பையையும் எடுத்தது, எங்கள் பையை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. அதன் மேல் ஒரு ஸ்டிக்கர். படிக்கத் தெரியவில்லை. ஆனால் திட்டுகிறார்கள் என்று மட்டும் புரிந்தது.

கீழ் வீட்டுப் பாட்டி ஒருவர் (அப்போதே எழுபது வயதைத் தாண்டியவர்) அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். எங்களுக்கு மானம் போயிற்று. அவர் திட்டவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து, பழைய பேப்பரை விரித்து, பையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இது எரிகிறது, வாரம் ரெண்டு நாள். இது எரியாதது, அதற்குத் தனி நாள். தண்ணீர் பாட்டிலா? மூடியைக் கழற்று, ஒட்டியிருக்கிற லேபிளை உரி, கழுவு, நசுக்கு. பால் அட்டைப் பெட்டியா? கழுவி, கத்தரியால் வெட்டி விரித்து, காய வைத்து, அடுக்கிக் கட்டு. பேப்பரைக் கயிறு போட்டுக் கட்டு. எல்லாம் காலை எட்டு மணிக்குள் கீழே வந்துவிட வேண்டும். முதல் நாள் ராத்திரியே வைத்தால் காக்கா கிழித்துவிடும். அதற்குத்தான் மேலே வலை போட்டு மூடுவது.

அந்த வலையை யார் விரிப்பது, யார் மடிப்பது, வண்டி போன பிறகு அந்த இடத்தை யார் கூட்டுவது? முறை வைத்துத்தான். ஒரு வாரம் ஒரு வீடு. நம்ம குழுவில் தீர்மானப் புத்தகத்தை மாற்றி மாற்றிக் கொடுப்பது மாதிரி, அங்கே ஒரு சின்னப் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போவார்கள். பலகை வந்தால் உங்கள் வாரம்.

பால் அட்டையைக் கழுவி வெட்டுகிற பழக்கம் அரசாங்கம் உத்தரவு போட்டு வந்ததில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. 1984-ல் யமனாஷி என்ற மலைநாட்டுப் பகுதியில் சில தாய்மார்கள் "இவ்வளவு நல்ல காகிதத்தைக் குப்பையில் போடுறோமே" என்று சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதுதான் நாடு முழுக்கப் பரவியது. பாட்டில், டின், பிளாஸ்டிக் உறை எல்லாம் பிரித்து வாங்குவதற்கு நாட்டளவில் சட்டம் வந்தது 1995-ல்.

இதைக் கேட்டதும் "ஆகா, என்ன சுத்தம்!" என்று சொல்லத் தோன்றும். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் எட்டு வருஷமும் அந்த முறைக்கு வலை மடிக்க வந்தவர்களில் பெரும்பாலும் பெண்கள்தான். பள்ளிக்கூடத்திலும் அப்படியே. பிள்ளைகள் தங்கள் வகுப்பைத் தாங்களே கூட்டித் துடைப்பார்கள், வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் போட்டுக்கொண்டு மதியச் சாப்பாட்டைத் தாங்களே பரிமாறுவார்கள். பார்க்கக் கண் நிறைந்திருக்கும். அந்தத் துடைக்கிற துணியைத் தைத்துக் கொடுப்பது அம்மா. காலையில் ரோட்டோரம் மஞ்சள் கொடி பிடித்துப் பிள்ளைகளைத் தெரு கடக்க வைப்பதும் முறை போட்டு அம்மாக்கள். சுத்தத்துக்கும் ஒழுங்குக்கும் ஒரு விலை இருக்கிறது. அதைச் சம்பளமில்லாமல் யாரோ ஒருத்தி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

சுற்றி வரும் பலகை

தெருவுக்கு ஒரு சங்கம் உண்டு, சோனாய்காய் என்பார்கள். மாதச் சந்தா உண்டு. சேதி எல்லாம் ஒரு அட்டையில் செருகி வீடு வீடாக வரும், கைரான்பான் என்று பேர். படித்துவிட்டு ஒப்பம் வைத்து அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். திருவிழா, எலி மருந்து, பூகம்பப் பயிற்சி எல்லாம் அதில்தான் வரும். எங்களுக்கு அதைப் படிக்கவே தெரியாது, ஆனாலும் ஒருநாள்கூட எங்கள் வீட்டைத் தாண்டிக் கொடுத்ததில்லை.

2011 மார்ச் 11, மதியம் 2.46-க்குப் பெரிய பூகம்பம் வந்தபோதுதான் அந்த அட்டை எதற்கு என்று தெரிந்தது. டோக்கியோவிலும் கட்டடம் மரம் மாதிரி ஆடியது. ரயில் நின்றுவிட்டது. வேலைக்குப் போனவர்கள் ராத்திரி முழுக்க நடந்தே வீடு வந்தார்கள். கீழ் வீட்டுப் பாட்டி கையில் பட்டியலோடு ஒவ்வொரு கதவாகத் தட்டினார். யார் தனியாக இருக்கிறார்கள், எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்கு நடக்க முடியாது, எல்லாம் அவருக்குத் தெரியும். பேப்பர் ஏதும் பார்க்காமலேயே எங்கள் பெயரைக் கூப்பிட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜப்பான்காரர்கள் வரிசையில் அமைதியாக நின்றார்கள் என்று அப்போது உலகமே புகழ்ந்தது. நின்றார்கள், உண்மைதான். ஆனால் அந்த வரிசையிலேயே நின்று அரிசியையும் டாய்லெட் பேப்பரையும் வாங்கிக் குவித்ததில் சில நாளுக்குக் கடையில் அலமாரி காலி. மனுஷன் எங்கேயும் மனுஷன்தான்.

சம்பளம் வந்ததும் யார் கைக்குப் போகும்?

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருவோம்.

அந்தப் பாட்டியின் தலைமுறையில், வீட்டுக்காரர் சம்பளம் முழுசும் மனைவி கைக்கு வந்துவிடும். முன்பு கவரில் வந்தது, பிறகு வங்கிக் கணக்கில் ஏறியது. கார்டும் ரகசிய எண்ணும் மனைவியிடம். அவர்தான் கணவருக்கு மாதச் செலவுக்குக் காசு கொடுப்பார். அதற்கு ஒகோசுகாய் என்று பேர். நம்ம ஊரில் பிள்ளைக்குக் கைச்செலவுக்குக் கொடுப்போமே, அந்தச் சொல்லேதான்! அண்மை ஆண்டுகளில் இது மாதம் சுமார் 40,000 யென் என்கிறார்கள். ஒரு யென் நம்ம அரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு, நண்பர்களோடு குடி, சிகரெட் எல்லாம் அதற்குள்தான். பெரிய கம்பெனியில் பெரிய அதிகாரி, வீட்டில் "இந்த மாசம் ஒரு ஐயாயிரம் கூட கொடேன்" என்று கெஞ்சுவார்.

இதைச் சொன்னதும் நம்ம பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "எங்க ஊருக்கு எப்ப வரும் இந்தச் சட்டம்?" என்று ஒரு அக்கா கேட்டார்கள்.

வரவு வந்தால் செலவு எழுத நோட்டு வேண்டுமல்லவா? அதற்குக் காகேய்போ என்று பேர், வீட்டுக் கணக்குப் புத்தகம். டிசம்பர் மாதம் புத்தகக் கடைக்குப் போனால் அடுத்த வருஷத்துக் கணக்குப் புத்தகம் மலை மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். இதை முதலில் அச்சடித்துக் கொடுத்தவர் ஹானி மோதோகோ என்ற பெண்மணி, 1904-ல். 1873-ல் வடக்கே அவோமோரி பகுதியில் பிறந்தவர். ஜப்பானின் முதல் பெண் பத்திரிகை நிருபர் என்று சொல்லப்படுபவர். கணவரோடு சேர்ந்து 1903-ல் பெண்களுக்காக ஒரு மாத இதழ் தொடங்கி, அதைப் படிக்கிற பெண்களுக்காகவே இந்தக் கணக்கு முறையை உண்டாக்கினார். அந்த இதழ் ஃபுஜின் நோ தோமோ, அதாவது 'பெண்ணின் தோழி' என்ற பேரில் நூறு வருஷம் தாண்டியும் வந்தது.

கீழ் வீட்டுப் பாட்டி அந்த நோட்டைக் கல்யாணமான வருஷத்திலிருந்து எழுதினவர். எங்களுக்குக் காட்டினார். நம்ம கணக்குக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நாம் செலவழித்த பிறகு எழுதுவோம், சில பேர் ஞாபகம் வந்தால் எழுதுவோம். அங்கே மாதம் பிறப்பதற்கு முன்னாலேயே ஒவ்வொரு வகைக்கும் இவ்வளவு என்று ஒதுக்கி எழுதிவிட்டு, பிறகு அந்த எல்லைக்குள் செலவழிப்பது. சாப்பாட்டுச் செலவையே மூன்றாகப் பிரித்திருந்தார். அரிசி ரொட்டி ஒரு பத்தி, மீன் காய்கறி ஒரு பத்தி, சோயா சாறு, எண்ணெய், உப்பு மாதிரி சாமான் ஒரு பத்தி. "எது கூடுதுன்னு மொத்தத்துல தெரியாது, பிரிச்சாத்தான் தெரியும்" என்றார். நம்ம குழுவில் சந்தா, உள்கடன், வட்டி, அபராதம் என்று தனித்தனிப் பத்தி போடுகிறோமே, அதே புத்திதான்.

மொய்க்கும் ஒரு பத்தி உண்டு! அங்கேயும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கவரில் பணம் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். வாசலில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்து பேரும் தொகையும் எழுதுவார். கல்யாணக் கவரில் புது நோட்டு வைக்க வேண்டும், சாவுக் கவரில் சலவை நோட்டு வைக்கக் கூடாது. சாவுக்கு முன்னாலேயே வங்கிக்குப் போய்ப் புது நோட்டு வாங்கி வைத்துக் காத்திருந்த மாதிரி ஆகிவிடுமாம். சாவு வீட்டில் வந்த மொய்யில் ஏறக்குறைய பாதி மதிப்புக்குப் பிறகு ஏதாவது பொருளாகத் திருப்பி அனுப்புவார்கள்.

இந்தக் கணக்கில் மீதம் பிடித்து, கணவருக்குச் சொல்லாமல் சேர்க்கிற பணமும் உண்டு. அதற்கு ஹெசொகுரி என்று பேர். நம்ம சிறுவாடு அப்படியே! நாம் அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் வைப்போம், அவர்கள் கிமோனோ மடித்து வைக்கிற மர அலமாரியின் அடி இழுப்பறையில் வைப்பார்கள். வங்கியில் தன் பேரில் தனிக் கணக்கிலும் போட்டு வைப்பார்கள்.

இதுவரைக்கும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

2014-ல் பாட்டியின் வீட்டுக்காரர் திடீரென்று தவறிவிட்டார். ஐம்பது வருஷம் வீட்டின் காசை ஒரு யென் பிசகாமல் நடத்திய அந்த அம்மா, நாலாம் நாள் வங்கிக்குப் போனார். கணக்கு முடக்கப்பட்டிருந்தது. கார்டு அவர் கையில், எண் அவர் மனசில், கணக்கு மட்டும் கணவர் பேரில். இறந்துபோனவர் பிறந்தது முதல் சாகும்வரை உள்ள குடும்பப் பதிவேடு வேண்டும், வாரிசுகள் அத்தனை பேரும் முத்திரை வைத்த தாள் வேண்டும் என்றார்கள். ஒரு மகன் ஒசாகாவில். இன்னொருவர் அமெரிக்காவில். அவருக்கு அங்கே முத்திரை கிடையாது என்பதால் தூதரக அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துச் சான்று வாங்கி அனுப்ப வேண்டியிருந்தது. மாதக் கணக்கில் இழுத்தது. அதுவரை கரண்ட் பில், காஸ் பில், சாமிக்கும் சாவுக்கும் ஆன செலவு எல்லாம் அலமாரி இழுப்பறையில் இருந்த சிறுவாட்டுப் பணத்தில்தான் நடந்தது.

அதோடு நின்றதா? அவர் பேரில் வங்கியில் போட்டிருந்த சேமிப்பையும் கணவரின் சொத்துப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். பேர் உங்களுடையது, ஆனால் பணம் அவர் சம்பளத்திலிருந்து வந்தது, அதனால் அது அவர் சொத்து என்பது அங்கே வரிக்காரர்கள் கணக்கு. மனைவிக்குப் பெரிய கழிவு உண்டு என்பதால் அவர் வரி கட்ட வேண்டி வரவில்லை. ஆனால் அதுவும் பங்கில் சேர்ந்தது. பாதி மனைவிக்கு, மீதி பாதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் நல்லவர்கள், அம்மாவுக்கே விட்டுவிட்டார்கள். பாட்டிக்கு அது ஆறவே இல்லை. எங்களிடம் ஒருநாள் சொன்னார்: "மீன் வாங்குறப்ப நான் சாப்பிடாம மிச்சம் பிடிச்ச காசு அது. அது எப்படி அவர் காசாகும்?"

அன்றைக்கு நாங்கள் பதில் சொல்லத் தெரியாமல் டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பிறகு சட்டம் கொஞ்சம் மாறியது. 2019 ஜூலை முதல், மற்ற வாரிசுகள் கையெழுத்துக்குக் காத்திராமல் ஒரு வங்கியில் 15 லட்சம் யென் வரைக்கும் தன் பங்குக்குத் தக்கபடி எடுக்கலாம். 2020 ஏப்ரல் முதல், கணவர் பேரில் உள்ள வீட்டில் மனைவி சாகும்வரை குடியிருக்கிற உரிமையைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். பாட்டி மாதிரி எத்தனையோ பேர் பட்ட பிறகு வந்தது.

நம்ம ஊரிலும் 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றபோது எத்தனை பேர் அரிசிப் பானையிலிருந்து எடுத்து வீட்டுக்காரரிடம் நீட்ட வேண்டி வந்தது, ஞாபகம் இருக்கிறதல்லவா? செய்தி கேட்டபோது நாங்கள் டோக்கியோவில் இருந்தோம். பாட்டிக்கு அதை விளக்கிச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, உடனே புரிந்துவிட்டது.

இதை எழுதும்போதே ஒரு வேலை சொல்லிவிடுகிறோம். வீட்டுக்காரர் பாஸ்புக்கை எடுத்து, வாரிசு நியமனத்தில் யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள். பல பேருக்கு மாமியார் பேர், இறந்துபோன மாமனார் பேர் எல்லாம் இருக்கும், அல்லது வெறுமனே இருக்கும். 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நாலு பேர் வரைக்கும் நியமிக்கலாம். நியமனதாரர் என்றால் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான், சொத்துக்காரர் ஆகிவிட மாட்டார் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். குழுக் கணக்கு மட்டும் நம்ம பேரில், நம்ம கையெழுத்தில். மேடையில் சொல்லும்போது சாதாரணமாகத் தெரிகிற விஷயம், பாட்டி கதையைப் பார்த்த பிறகு எங்களுக்கு அப்படித் தெரியவில்லை.

பால் வாங்கச் சேர்ந்தவர்கள்

அங்கே குழு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. சீட்டு மாதிரி மாதம் கூடிப் பணம் போட்டு ஒருவர் எடுத்துக்கொள்கிற முறை பல நூறு வருஷமாக இருந்தது, முஜின் என்றும் தானோமோஷி என்றும் பேர். 1951-ல் சட்டம் போட்டு முஜின் கம்பெனிகளை ஒருவகை வங்கிகளாக மாற்றினார்கள். தெற்கே ஒகினாவா தீவில் நண்பர்கள் கூடிச் சீட்டுப் போடுவது மோஅய் என்ற பேரில் இன்றும் சாதாரணம்.

ஆனால் நம்ம குழுக்களுக்கு நெருக்கமாக எங்களுக்குப் பட்டது வேறொன்று. 1965-ல் டோக்கியோவின் செதகாயா பகுதியில் சுமார் 200 பெண்கள், பால் விலை ஏறிக்கொண்டே போகிறது என்று, மொத்தமாகச் சேர்ந்து வாங்க ஆரம்பித்தார்கள். தினம் 300 பாட்டில் போலத்தான் தொடக்கம். 1968-ல் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்தார்கள், செய்காத்சு கிளப் என்று பேர். பக்கத்து வீடுகள் ஏழெட்டு சேர்ந்து ஒரு 'ஹான்', அதாவது ஒரு குழு. குழு மொத்தமாக முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும், சாமான் ஒரே இடத்தில் இறங்கும், பிரித்துக்கொள்வார்கள். விவசாயிக்கு எவ்வளவு விற்கும் என்று முன்னாலேயே தெரியும், அதனால் அவரிடம் "மருந்து குறைச்சு அடி" என்று கேட்கிற தைரியம் இவர்களுக்கு வந்தது.

பிறகு துணி துவைக்கிற பவுடர் விஷயத்தைக் கையில் எடுத்தார்கள். ரசாயனப் பவுடர் ஆற்றைக் கெடுக்கிறது, சாதா சோப்புக்கு மாறணும் என்று மனு மேல் மனு போட்டார்கள். மன்றத்தில் உட்கார்ந்திருந்த ஆண்கள் தள்ளிவிட்டார்கள். சரி, நாமே உள்ளே போவோம் என்று தேர்தலில் நின்றார்கள். 1979-ல் டோக்கியோவின் நெரிமா பகுதி மன்றத்துக்கு இவர்களில் முதல் பெண் ஜெயித்துப் போனார். பிறகு பல ஊர்களில் போனார்கள். 1989-ல் இந்தச் சங்கத்துக்கு, மாற்று நோபல் என்று சொல்கிற ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

1980-களில் உறுப்பினர்கள் தாங்களே பணம் போட்டு, தாங்களே வேலை செய்து, தாங்களே முடிவெடுக்கிற சின்னத் தொழில்களும் தொடங்கினார்கள். சாப்பாட்டு டப்பா கட்டுவது, முதியோரைப் பார்த்துக்கொள்வது, ரொட்டி சுடுவது. நம்ம குழுத் தொழில் மாதிரியே. ஆனால் இந்த மாதிரித் தொழிலுக்கென்று ஒரு சட்டமே அந்த நாட்டில் இல்லை. கேட்டுக் கேட்டு, 2020 டிசம்பரில் நிறைவேறி, 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அவ்வளவு பணக்கார நாட்டிலும் பெண்கள் கேட்டதற்கு நாற்பது வருஷம்.

இலை விற்கிற பாட்டிகள்

கமிகாத்சு என்ற மலைக் கிராமத்துக்குப் போக ஆசைப்பட்டோம், போக வாய்க்கவில்லை. 2012-ல் அந்த ஊரை வைத்து ஒரு சினிமாவும் வந்தது. ஷிகோகு தீவில் தோகுஷிமா பகுதியில் இருக்கிறது. 1981-ல் வந்த கடுங்குளிரில் அந்த ஊரின் ஆரஞ்சு மரமெல்லாம் பட்டுப்போயிற்று. இளவட்டம் ஊரை விட்டுப் போய்விட்டது. விவசாயக் கூட்டுறவில் வேலை பார்த்த யோகோயிஷி தோமோஜி என்பவர், ஓட்டல் தட்டில் அலங்காரத்துக்கு வைத்த மேப்பிள் இலையைப் பெண்கள் ஆசையாக எடுத்துப் பார்ப்பதைப் பார்த்து, "இது நம்ம மலையில சும்மா கிடக்குதே" என்று யோசித்தார். இலையை விற்பதா என்று ஊரே சிரித்தது. 1986-ல் சில பெண்களோடுதான் ஆரம்பம். முதலில் விற்கவில்லை. எந்த ஓட்டலுக்கு எந்த மாதம் எந்த அளவில் எந்த இலை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் விற்றது. இலை கனமில்லாத சாமான், வயசானவர்களுக்கு ஏற்ற வேலை. எழுபது எண்பது வயசுப் பாட்டிகள் கம்ப்யூட்டரில் ஆர்டர் பார்த்துவிட்டு, ஓடிப்போய் இலை பறிக்கிறார்கள். அதே ஊர்தான் குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறது, குப்பை வண்டியே கிடையாது.

எங்களுக்குப் பிடிக்காதவை

எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டு வர எங்களால் முடியாது. கல்யாணமானால் கணவன் மனைவி ஒரே குடும்பப் பெயர்தான் வைக்க வேண்டும் என்று அங்கே சட்டம். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு ஐந்து பேர் கணவர் பெயருக்கு மாறுகிறார்கள். இது செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். 2015-லும் 2021-லும் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றுவிட்டது.

வேலை விஷயமும் அப்படித்தான். எங்கள் பக்கத்துக் கடையில் பகுதி நேர வேலை செய்த ஒரு பெண், நவம்பர் வந்தால் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்வார். ஏன் என்றால், வருஷ வருமானம் 13 லட்சம் யென்னைத் தாண்டினால் கணவர் நிழலில் இருந்து வெளியே வந்து காப்பீடும் பென்ஷனும் தானே கட்ட வேண்டும். கொஞ்சம் கூடச் சம்பாதித்தால் கையில் வருவது குறைந்துவிடும். வேலை செய்யத் தெம்பிருக்கிற பெண்ணை வீட்டுக்கு அனுப்புகிற கணக்கு! உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 ஆண்-பெண் சமநிலைப் பட்டியலில் 148 நாட்டில் ஜப்பான் 118. (நாம் 131. சிரிக்க வேண்டாம்.) முதல் பெண் பிரதமர் அங்கே வந்ததே 2025 அக்டோபரில்தான்.

இன்னொன்று, அந்த ஒழுங்குக்கு உள்ளே இருக்கிற பயம். பழைய காலத்துக் கிராமங்களில் கட்டுப்பாட்டை மீறிய குடும்பத்தைத் தள்ளி வைப்பார்கள். முரா ஹாச்சிபு என்று அதற்குப் பேர். பத்துக் காரியத்தில் எட்டுக்கு யாரும் வர மாட்டார்கள், தீப்பிடித்தால் அணைக்கவும் சாவு விழுந்தால் எடுக்கவும் மட்டும் வருவார்கள் என்று அர்த்தம் சொல்வார்கள். இந்தக் காலத்தில் அப்படி வெளிப்படையாக இல்லை. ஆனால் குப்பை முறையைத் தவறவிட்ட ஒரு தனித் தாயிடம் எங்கள் கட்டடத்தில் யாரும் சண்டை போடவில்லை, பேசுவதை மட்டும் நிறுத்தினார்கள். இரவு வேலை பார்த்துவிட்டு வருகிறவர், காலை எட்டு மணிக்கு வலை மடிக்க எப்படி எழுந்திருப்பார்? யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை, அது எங்களுக்கு இன்றும் உறுத்தல். ஆறு மாதத்தில் அவர் வீடு மாறிப் போய்விட்டார். நம்ம குழுவில் தவணை கட்டாத உறுப்பினர் வீட்டு வாசலில் நாலு பேர் போய் உட்காருகிற பேச்சு வரும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் முகம்தான் வருகிறது.

2018-ல் நாங்கள் ஊருக்குக் கிளம்பும்போது கீழ் வீட்டுப் பாட்டி அந்த வருஷத்துக் கணக்குப் புத்தகம் ஒன்றைப் புதிதாக வாங்கிக் கொடுத்தார். முதல் பக்கத்தில் எங்களுக்காக ஜனவரி மாதத்து ஒதுக்கீட்டை மாதிரிக்கு அவரே எழுதியிருந்தார். கடைசியில் ஒரு பத்தி மட்டும் அச்சில் இல்லாதது, பென்சிலால் கோடு போட்டுச் சேர்த்தது. என்ன என்று கேட்டோம். "இது உன் பேருக்கு. முதல்ல இதை எடுத்து வச்சுட்டு மத்ததை எழுது" என்றார். அந்தப் புத்தகம் கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கிறது. ஊக்குநர், பிரதிநிதிகள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது கேட்டு வாங்கிப் பாருங்கள். எழுத்து புரியாது, எண்கள் புரியும்.